ஸ்காபரோ: ஓய்வுக்கென எழுந்த ஒரு நகரம்

மக்கள் தொழில் செய்தற்பொருட்டே நகரங்களை அமைத்தனர் என்பது புவியியல் மாணவர் யாவரும் அறிந்ததொன்று. ஆற்றுக் கடவையிலே சந்தை நகரும், நிலக்கரிப் படுக்கையின்மேல் ஆலை நகரும், காற்றடங்கிய குடாவிலே துறைமுக நகரும் தோன்றின. ஆனால், தொழில் செய்யாதிருத்தற்பொருட்டு ஒரு நகரம் எழுதல் கூடுமோ? இங்கிலாந்திலே அவ்வாறு எழுந்த நகரங்கள் பலவுள. பிறைற்றன், பிளாக்பூல், மாகேற், போண்மத் என அவற்றின் வரிசை நீளும். அவற்றுள் மூத்தது எனும் உரிமையைக் கொண்டாடத் தக்கது யோக்சயர்க் கரையிலுள்ள ஸ்காபரோ ஆகும். பிறைற்றனின் புகழே உலகெங்கும் பரவியுள்ளதாயினும், கடற்கரை ஓய்வுத்தலம் என்னும் எண்ணம் எங்ஙனம் பிறந்தது, யாருக்காகப் பிறந்தது, பின்னர் யார் கைக்கு மாறிற்று என்பவற்றை அறிய விரும்புவோர்க்கு ஸ்காபரோவின் வரலாறே சிறந்த பாடநூல் என்பது எமது கருத்து.

இந்நகர் இங்கிலாந்தின் கீழ்க்கரையில், வட அகலக்கோடு 54 பாகைக்குச் சற்று வடக்கே, வடகடலை நோக்கி அமைந்துளது. யோக் நகரிலிருந்து வடகிழக்காக ஏறத்தாழ நாற்பது மைல் சென்றால் இதனை அடையலாம். குடித்தொகை ஏறத்தாழ அறுபதினாயிரம். நகரின் அமைப்பை விளங்கிக்கொள்ள ஒரு சிறு படம் போதும். கடலுக்குள் நீட்டிய கைமுட்டிபோல் ஒரு பாறைமுனை. அதன் வடபால் ஒரு குடா, தென்பால் ஒரு குடா. முனையின் உச்சி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 300 அடி உயரமுடையது. யுராசிக் காலத்துக்குரிய கடினமான மணற்கல்லும் சுண்ணாம்புக்கல்லும் அம்முனையைக் காத்து நிற்கின்றன. அதன் இருமருங்குமுள்ள ஓங்கல்களின் மேற்பகுதியோ, பனிக்கட்டியாறுகள் உருகி நீங்கியபோது விட்டுச்சென்ற களிமண்ணாலும் கல்லாலும் ஆனது. கடினமான பாறை நிலைத்து நிற்க, மென்மையானது அரிப்புண்டு குடாவாயிற்று. முனையும் குடாவும் உண்டாகும் முறையை மாணவர்க்கு விளக்குதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டைத் தேடவேண்டியதில்லை. அக்களிமண்ணைப் பற்றிப் பின்னரும் பேச நேரும். ஆதலின் வாசகர் அதனை நினைவில் இருத்துவாராக.

தென்குடா வடகாற்றுக்கு மறைவாயிருப்பது. எனவே துறைமுகமும் பழைய மீனவர் குடியிருப்பும் கோட்டைமுனையின் அடிவாரத்திலே அப்பக்கத்தில் அமைந்தன. வடகுடா திறந்த வெளி, அலை மிகுந்தது. கடல்நீர் கோடையிலுங்கூட 15 பாகை சதமளவை மட்டிலேயே நிற்கும். சூடான காற்று இக்குளிர்ந்த நீரின்மேல் வரும்போது அதிலுள்ள ஈரம் ஒடுங்கி மூடுபனியாகிக் கரையை மூடுவதுண்டு. உள்நாட்டிலே வெயில் காய்ந்துகொண்டிருக்க, கடற்கரையிலே எதிரிலிருப்பவர் முகமுந் தெரியாத நிலை நண்பகலிலேயே ஏற்படும். இத்தகைய கடலிலே இறங்கிக் குளிப்பது இன்பம் என்று மக்கள் நம்புதற்கு முன்னர், அது மருந்து என்று அவர்களை நம்பவைக்க வேண்டியிருந்தது.

பழைய வரலாற்றைச் சுருங்கக் கூறுவாம். நான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உரோமர் இம்முனையிலே ஒரு காவற் கோபுரம் கட்டினர். நகரின் பெயர், பிளவுபட்ட உதட்டையுடைய ஒரு வைக்கிங் வீரனின் பட்டப்பெயரிலிருந்து வந்ததென ஐஸ்லாந்துக் கதைமரபு கூறும். அறிஞர் அனைவரும் அதற்கு உடன்படுவதில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டிலே பிரபு ஒருவர் தொடங்கிய கோட்டையை இரண்டாம் ஹென்றி மன்னன் தனதாக்கிப் பெருங் கற்கோபுரம் எழுப்பினான். 1253ஆம் ஆண்டில் மூன்றாம் ஹென்றி அளித்த பட்டயத்தின்படி, ஓகஸ்து 15 முதல் செப்ரெம்பர் 29 வரை நாற்பத்தைந்து நாட்களுக்கு இங்கு ஒரு பெருஞ்சந்தை கூடிற்று. கடல் கடந்த வணிகரும் வந்து கூடிய அச்சந்தை 1788இல் ஓய்ந்தது. அதன் பெயர் மாத்திரம் ஒரு நாட்டார் பாடலிலே தங்கி உலகெங்கும் ஒலிக்கிறது. 1645ஆம் ஆண்டின் உள்நாட்டுப் போரிலே, பாராளுமன்றப் படையினர் புனித மரியாள் தேவாலயத்தினுள்ளே பீரங்கியை நிறுத்திக் கோட்டையைச் சுட்டனர். கோபுரத்தின் ஒரு பக்கம் முற்றாக வீழ்ந்தது. அது இன்றும் அவ்வாறே நிற்கிறது.

ஆனால், நகரின் தலையெழுத்தை மாற்றியது கோட்டையுமன்று, சந்தையுமன்று, ஓர் ஊற்று. 1626ஆம் ஆண்டளவில், நகரின் முக்கியத்தர் ஒருவரின் மனைவியாகிய தோமசின் பாரர் என்னும் மாது, தென்குடாவின் ஓங்கலடியிலே கசிந்த நீர் தான் படிந்த கற்களைச் செம்பழுப்பாக்கி இருத்தலையும், அதன் சுவை கசப்பாயிருத்தலையும் கண்டார். அந்நீரில் மகனீசியம் சல்பேற்றும் இரும்பும் கலந்திருந்தன. பச்சையாகச் சொன்னால் அது பேதி மருந்து. பருகியவர்க்கு வயிறு கழியும். அக்காலத்து மருத்துவ நூலார்க்கோ வயிறு கழிதலே பிணி நீக்கத்தின் வாயில். றொபேட் விற்றி என்னும் மருத்துவர் 1660இல் இவ்வூற்றைப் புகழ்ந்து ஒரு நூல் எழுதினார். அவர் ஊற்று நீரோடு நில்லாது, கடலிலே மூழ்குதலும் கீல்வாதம் முதலிய நோய்கட்கு நன்றென்று கூறினார். பிறைற்றனின் புகழுக்கு வித்திட்ட றிச்சட் றசலின் நூல் 1750இலேதான் வெளிவந்தது என்பதை ஈண்டு ஒப்புநோக்குக.

இதனால் விளைந்தது யாதெனில், மருந்து நீர் ஊற்றும் கடல் நீராட்டும் ஒரே ஊரில் வாய்த்தமை. பாத் போன்ற உள்நாட்டு ஊற்றுத்தலங்களுக்குக் கடல் இல்லை. ஏனைய கடற்கரை ஊர்களுக்கு அந்நாளிலே ஊற்றின் புகழ் இல்லை. செல்வர் குதிரை வண்டிகளிலே நாட்கணக்காகப் பயணஞ்செய்து இங்கு வந்தனர். காலையில் ஊற்று நீர், பின்னர் நீராட்டு, மாலையில் நடனமும் சூதும். நோயாளர் என்ற பெயரில் வந்தோரிற் பலர் நோயாளரல்லர் என்று கொள்ளுதல் தவறாகாது. 1735ஆம் ஆண்டளவில் ஜோன் செற்றறிங்ரன் வரைந்த ஓர் ஓவியத்திலே, கடலுள் இழுத்துச் செல்லப்படும் சக்கரப் பெட்டி காட்டப்பட்டுளது. உடை மாற்றுதற்கான மரப்பெட்டிக்குச் சக்கரம் பூட்டிக் குதிரையால் நீருக்குள் இழுத்துச் செல்வர். உள்ளிருப்பவர் மறுவாயிலாற் கடலில் இறங்குவர். இந்நீராட்டு வண்டிக்கு உலகிலே கிடைக்கும் மிகப் பழைய சித்திரங்களுள் இதுவும் ஒன்று. ஸ்மொலெற் 1771இல் வெளியிட்ட நாவலிலே, இவ்வூர்க் கடலின் குளிரைத் தாங்காது வாய்விட்டுக் கத்திய எசமானை, அவர் அமிழ்கின்றார் என்றெண்ணிய வேலைக்காரன் காதைப் பிடித்து ஆடையற்ற கோலத்திலே கரைக்கு இழுத்து வரும் காட்சி ஒன்றுண்டு. வடகடலின் தட்பத்தை எந்தப் புள்ளிவிபரமும் இத்துணை நன்றாக உணர்த்தாது.

ஊற்றின் வாழ்வு தடையின்றி நிகழவில்லை. 1737ஆம் ஆண்டு டிசெம்பர் மாத இறுதியில், ஊற்றுக்கு மேலிருந்த ஓங்கலின் ஒரு பெரும் பகுதி, அதன்மீது மேய்ந்துகொண்டிருந்த மாடுகளோடு அப்படியே கீழிறங்கிற்று. மேலே நிலம் தாழ, கீழே கடற்கரை மணல் பல அடி மேலெழுந்து ஊற்று மண்டபத்தைக் குலைத்தது. மேல் தாழ்ந்தால் கீழ் எழுவானேன்? மழைநீரை உண்டு கனத்த களிமண் நேர்கீழாக வீழ்வதில்லை. கிண்ணத்தின் உட்புறம்போல் வளைந்த ஒரு தளத்தின்மேற் சுழன்று வழுக்குகிறது. ஆகவே அதன் தலை இறங்க அடி எழுகிறது. ஊற்று மறைந்ததென்று நகரத்தார் கலங்கினர். தோண்டித் தேடி மீண்டும் கண்டுபிடித்தனர். தம் ஊர் எதன்மேல் நிற்கிறது என்பதை அன்றே அவர்கள் அறிந்திருத்தல் வேண்டும்.

இனி, யார் இங்கு வரலாம் என்னும் வினா எழுந்த காலத்துக்கு வருவாம். யோக்கிலிருந்து புகையிரதப் பாதை அமைக்கும் திட்டம் பேசப்பட்டபோது, 1840இல் ஜோர்ஜ் நோல்ஸ் என்பவர் அதனை எதிர்த்து ஒரு துண்டுநூல் வெளியிட்டார். செலவிடப் பணமில்லாதோரும் நாடோடிகளும் பெருகி வருவதை இந்நகர் விரும்பவில்லை என்பது அவர் வாதம். புகையிரதம் இல்லாமையே எதிர்காலத்தில் ஸ்காபரோவின் சிறப்பாகும் என்றும் அவர் கருதினார். ஒரு வகையில் அவர் முன்னறிந்தது சரியே. வறியோர் வரத்தான் செய்தனர். ஆனால், அவர்களாலே நகர் அழியவில்லை, வளர்ந்தது. 1845ஆம் ஆண்டு யூலை மாதத்திலே முதற் புகையிரதம் வந்தது. லீட்ஸ், பிராட்போட் முதலிய கம்பளி ஆலை நகரங்களின் தொழிலாளர் ஒருநாட் சுற்றுலாவாக வரத் தொடங்கினர். அவர்களுடைய நெரிசலுக்கு இன்றும் சான்று பகர்வது, நிலைய மேடையிலே 450 அடிக்கு மேல் நீண்டு கிடக்கும் மர இருக்கை. உலகிலே மிக நீண்ட நிலைய இருக்கை அதுவே என்பர்.

வாயில் திறந்ததாயினும் உள்ளே வேலிகள் இருந்தன. தென்குடாவின் ஊற்றுத் தோட்டத்துள் நுழைய, அதனை நடத்திய கம்பனியார் கட்டணம் அறவிட்டனர். இசையரங்கும் உலாவு மேடையும் கட்டணம் கொடுக்க வல்லோர்க்கே. மற்றையோர் துறைமுகத்தை அடுத்த மணலிலே கழுதைச் சவாரியோடும் மீன் கடைகளோடும் அமைந்தனர். ஒரே குடா, அரை மைல் இடைவெளி, இரு வேறு உலகங்கள். 1827இல் ஓங்கல்களுக்கிடையே அமைத்த பாலத்துக்குங்கூடக் கட்டணம் உண்டு. அப்பாலத்தின்கீழ் 1877இல் திறக்கப்பட்ட மீன்காட்சிச்சாலை பொதுமக்களை நாடி அமைந்ததொன்று. இயூஜீனியஸ் பேர்ச் என்னும் பொறியியலாளர் அதன் நிலக்கீழ் மண்டபங்களை இந்தியக் கட்டடப் பாணியைத் தழுவி அலங்கரித்திருந்தார். யோக்சயர் நெசவாளன் ஒருவன் கீழைத்தேயத் தூண்களுக்கிடையே நின்று வடகடல் மீனைப் பார்த்தல் விந்தையான காட்சியாகவே இருந்திருக்கும். 1968இல் அது இடிக்கப்பட்டு, அவ்விடம் வாகனத் தரிப்பிடமாயிற்று. அழிந்த கட்டடங்களுள் இதற்காகவே எமக்கு மிகுந்த வருத்தம்.

செல்வர் பக்கத்தில் எழுந்தவற்றுள் தலையாயது கிராண்ட் ஹோட்டல். கத்பேட் புரோட்றிக் என்னும் கட்டடக் கலைஞர் வகுத்த இது 1867இல் திறக்கப்பட்டபோது ஐரோப்பாவின் மிகப் பெரிய ஹோட்டல்களுள் ஒன்றாயிருந்தது. பருவங்களுக்கு நான்கு கோபுரம், மாதங்களுக்குப் பன்னிரண்டு தளம், வாரங்களுக்கு ஐம்பத்திரண்டு புகைபோக்கி, நாட்களுக்கு முந்நூற்றறுபத்தைந்து அறை என ஆண்டையே கட்டடமாக்கினர். குளியலறையில் நன்னீர்க் குழாயோடு கடல்நீர்க் குழாயும் இருந்ததாம். கடலுக்குப் போகாமலே கடலாடலாம்! 1875இல் தென் ஓங்கலில் அமைந்த ஏற்றப் பாதை பிரித்தானியாவிலே அவ்வகையில் முதலாவது. கம்பியால் இணைத்த இரு பெட்டிகளுள் மேலுள்ளதன் தொட்டியிற் கடல்நீரை நிரப்ப, அது கனத்தால் இறங்கிக்கொண்டே மற்றையதை மேலே இழுக்கும். கீழே நீரைக் கொட்டிவிட்டு மீண்டும் பம்பியால் மேலேற்றுவர்.

ஆலைத் தொழிலாளியின் ஓய்வு எத்தகையது என்பதைச் சற்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1871ஆம் ஆண்டின் வங்கி விடுமுறைச் சட்டம் சில நாட்களை விடுமுறையாக்கிற்று. ஆலை நகரங்களிலே ஆண்டில் ஒரு வாரம் பொறிகளை நிறுத்துவர். ஆனால் அவ்வாரத்துக்குக் கூலி கிடையாது. ஆண்டு முழுவதும் வாரந்தோறும் சில காசுகளைச் சேமிப்புச் சங்கத்திலிட்டு, அதனைக் கொண்டே குடும்பம் கடலுக்குச் சென்றது. அக்காலத்துக் கடற்கரை நகரங்கள் பலவற்றில், விருந்தினர் தாமே உணவுப் பொருளை வாங்கிக் கொடுக்க, விடுதித் தலைவி சமைத்துக் கொடுப்பாள். அறைக்கும் வேலைக்குமே காசு. உப்பும் மிளகும் வைத்ததற்குத் தனியே காசு கேட்டனர் என்ற பழங்கேலியும் உண்டு. கேலி செய்வோர் அவள் பக்கத்தையும் நோக்குதல் நன்று. கோடைப் பத்து வாரங்களின் வருவாயாலே குளிர்காலம் முழுவதையும் அவள் கழிக்க வேண்டும். பிறர் ஓய்வதற்காக விடியற் காலை முதல் நள்ளிரவு வரை ஓயாதிருந்தவள் அவளே. 1938ஆம் ஆண்டிலேயே ஊதியத்துடன் விடுமுறைச் சட்டம் வந்தது. அதுவும் கூலி நிருணய சபைகளுக்கு ஆண்டில் ஒரு வார விடுமுறை அளிக்க அதிகாரம் வழங்கிற்றேயன்றி, எல்லோர்க்கும் உடனே கொடுத்துவிடவில்லை. ஊற்றைக் கண்ட நாளிலிருந்து இதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் சென்றன.

இடையிலே போர் வந்தது. 1914ஆம் ஆண்டு டிசெம்பர் 16ஆம் நாள் காலை எட்டு மணியளவில், ஜேர்மன் போர்க்கப்பல்கள் இரண்டு மூடுபனியினூடே தோன்றிக் காவலற்ற இந்நகர்மேல் ஏறத்தாழ ஐந்நூறு குண்டுகளைப் பொழிந்தன. வீடுகளும், தேவாலயங்களும், கிராண்ட் ஹோட்டலும், கோட்டையும் தாக்குண்டன. பதினெட்டுப் பேர் வரையில் இறந்தனர்; கைக்குழந்தை ஒன்றும் அவர்களுள் அடங்கும். அதே காலையில் விற்பியும் ஹாட்டில்பூலும் தாக்கப்பட்டன. ஹாட்டில்பூலின் இழப்பு இதனினும் பன்மடங்கு. ஆயினும் 'ஸ்காபரோவை நினைவிற்கொள்' என்பதே படைக்கு ஆட்சேர்க்கும் சுவரொட்டிகளின் முழக்கமாயிற்று. காரணம் வெளிப்படை. ஆலை நகரத்து மக்கள் ஒவ்வொருவரும் ஒருநாளேனும் இன்பமாயிருந்த இடம் அது.

போர்களுக்கிடைப்பட்ட காலத்திலே நகரசபை தன் சொந்தப் பொறுப்பிலே பூங்காக்களும், சிற்றளவுப் புகையிரதமும், ஏரித்தீவில் மேடையமைத்த திறந்தவெளி அரங்கும் உண்டாக்கிற்று. அக்காலத்துப் புதுமை பிறிதொன்றுமுண்டு. ஹெரிங் என்னும் சாளையின மீனின் கூட்டத்தைத் தொடர்ந்து வந்த பெருஞ் சூரை மீன்களைத் தூண்டிலிற் பிடிக்கும் ஆட்டத்துக்காக 1930களிலே கோடீசுவரர் பலர் தம் உல்லாசப் படகுகளோடு இத்துறைமுகத்தை மொய்த்தனர். 1933இல் மிச்செல்-ஹென்றி என்பவர் பிடித்த சூரையின் நிறை 851 இறாத்தல். ஹெரிங் அருகவே 1950களில் சூரையும் அற்றது, கோடீசுவரரும் அகன்றனர்.

1960களின் பின் ஆகாயவிமானம் மலிந்தது. ஸ்காபரோவுக்கு வந்த குடும்பங்கள் ஸ்பெயினின் வெயிலை நாடின. வடகடலின் மூடுபனி அவ்வெயிலோடு போட்டியிடுதல் எங்ஙனம்? விற்பிக்குச் சென்ற கரையோரப் புகையிரதப் பாதை 1965இல் மூடப்பட்டது. யோக் பாதை எஞ்சியது. பெரிய விடுதிகள் பல சிறு குடியிருப்புகளாயின. பருவகால வேலையும் குறைந்த கூலியும் இத்தகைய நகரங்களின் தீராப் பிணியாகவே உள்ளன. ஆயினும் நகர் முற்றாகச் சோர்ந்துவிடவில்லை. 1955இல் நூலகத்தின் ஓர் அறையிலே ஸ்ரீவன் ஜோசப் தொடங்கிய வட்டரங்கம், பார்ப்போர் நாற்புறமும் இருக்க நடுவிலே நடிக்கும் முறையை நாட்டில் வேரூன்றச் செய்தது. அலன் எய்க்போண் தம் நாடகங்களிற் பெரும்பாலனவற்றை முதன்முதல் அரங்கேற்றியது இந்நகரிலேயே. இலண்டனுக்குப் புறத்தே, விடுமுறைக்கு வந்தோரை மழைநாளில் ஈர்க்கத் தொடங்கிய ஓர் அரங்கிலிருந்து இலண்டன் மேடைகட்கு நாடகம் சென்றது சிறு செய்தியன்று.

களிமண்ணும் தன் கணக்கை மறக்கவில்லை. 1993ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதத்திலே தென் ஓங்கலின் நடைபாதைகளில் வெடிப்புகள் தோன்றின. யூன் 4ஆம் நாள் காலை, ஹோல்பெக் ஹோல் ஹோட்டலின் விருந்தினர் எழுந்து பார்த்தபோது முன்னிருந்த புற்றரையின் பெரும் பகுதியைக் காணவில்லை. அனைவரும் ஊறின்றி வெளியேற்றப்பட்டனர். அடுத்துவந்த நாட்களில் கட்டடமும் தொலைக்காட்சிக் கமராக்களின் முன்னிலையிலே சிறிது சிறிதாகச் சரிந்தது. ஏறத்தாழ பத்து இலட்சம் தொன் மண் வழுக்கிக் கடற்கரையைக் கடந்து, கடலுக்குள் அரைவட்டமாக ஒரு புதிய முனையையே அமைத்துவிட்டது. உரிமையாளர் நகரசபைமேல் வழக்குத் தொடுத்தனர். அத்துணைப் பெரிய சரிவைச் சபை முன்னறிந்திருக்க இயலாதென 2000இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. 1737ஆம் ஆண்டின் மாடுகளை நினைவுகூர்வோர்க்கு இத்தீர்ப்புச் சற்று வியப்பாகவே தோன்றும்; ஆயினும் சட்டத்தின் முன்னறிவு வேறு, வரலாற்றின் முன்னறிவு வேறு.

இன்று செல்வோர் காணத்தக்கவற்றுட் சிலவற்றை மாத்திரம் குறிப்பிடுவாம். நிலவியலில் ஈடுபாடுடையோர் 1829இல் வட்டக் கோபுர வடிவில் எழுந்த றொற்றண்டா நூதனசாலையைத் தவிர்த்தலாகாது. இங்கிலாந்தின் பாறைகளை 1815இல் முதன்முதற் படமாக்கிய வில்லியம் ஸ்மித்தின் கருத்துக்கிணங்க, சுற்றுவட்டப் பாறைகளின் உயிர்ச்சுவடுகளை அவை கிடைத்த அடுக்கின் ஒழுங்கிலேயே மேலும் கீழுமாக அடுக்கிவைக்கும்படி அமைத்த கட்டடம் அது. புனித மரியாள் தேவாலய முற்றத்திலே எழுத்தாளர் ஆன் புரொன்ரேயின் கல்லறை உளது. காசநோய்க்குக் கடற்காற்று நன்றென நம்பி 1849ஆம் ஆண்டு மே 25இல் இங்கு வந்த அவர், மூன்றே நாளில், பின்னர் கிராண்ட் ஹோட்டல் எழுந்த இடத்திலிருந்த விடுதியொன்றிலே காலமானார். அப்போது அவர்க்கு வயது 29. கல்லிலே 28 எனப் பொறித்துவிட்டனர். பிழையைத் திருத்தும் புதிய பலகை 2011இலேதான் வைக்கப்பட்டது. ஊற்றுநீர் இன்று பருகுதற்குரியதன்று. கோட்டைமுனையைச் சுற்றி இரு குடாக்களையும் இணைக்கும் கடலோரச் சாலை, கட்டக் கட்ட அலை இடித்தமையால் 1897 முதல் 1908 வரை பதினொரு ஆண்டுகளை விழுங்கியது. புயல்நாளிலே அங்கு நிற்போர் அதன் காரணத்தை உடனே உணர்வர்.

குழந்தைகளோடு செல்வோர் வடகுடாவுக்கு அணித்தாயுள்ள பீஸ்ஹோம் பூங்காவுக்கே முதலிற் செல்வர். 1912இல் திறக்கப்பட்ட அதன் ஏரியிலே, 1927 முதல் கோடைதோறும் சிறு கடற்போர் ஒன்று நடைபெற்று வருகின்றது. மனிதர் ஒருவர் உள்ளே அமரக்கூடிய அளவிலான போர்க்கப்பல்கள் குண்டுகளை முழக்கி, புகையெழுப்பி, ஒன்றையொன்று தாக்கும். உள்ளிருந்து அவற்றைச் செலுத்துவோர் நகரசபை ஊழியர். அவருட் சிலர் ஏனைய நேரங்களிலே பூங்காவின் பாத்திகளைக் கொத்துபவர். மெய்யான போர்க்கப்பல்களின் மெய்யான குண்டுகள் வீழ்ந்து பதின்மூன்றே ஆண்டு சென்ற நிலையில் இவ்வேடிக்கையைத் தொடங்க அந்நகரத்தார்க்கு எங்ஙனம் மனம் வந்தது என்று கேட்பாருமுளர். கரையிலிருக்கும் குழந்தைகளோ கப்பல் மூழ்குந்தோறும் கைகொட்டுகின்றனர்.